கை சுத்தமான திலகா

மானாம்பதிக்குப் பக்கத்துக் காலனியில் இருக்கிற எல்லப்பன் மனைவி திலகாவுக்குத் தன் கைகள் மீது கர்வம் அதிகம். காரணம் இல்லாமல் இல்லை. காஞ்சிபுரத்திலிருந்து ஒரு ஏஜென்ட் பட்டுப் புடவைகளைக் கொண்டுவந்து கொடுப்பார். முந்தானை ஓரத்தில் தொங்கும் நூல்களைப் பிரித்து, முறுக்கி, முடிச்சுப் போட்டுக் குச்சு கட்டித் தருவது அவள் தொழில். பட்டு ரொம்ப ரோஷக்காரி. விரலில் துளி சொரசொரப்பு இருந்தால்கூட இழையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நிற்கும். புடவை போனால் தொழில் போச்சு. அதனால் திலகா களை எடுக்கப் போக மாட்டாள், விறகு ஒடிக்க மாட்டாள், பாத்திரம் தேய்க்க மாட்டாள். அதெல்லாம் எல்லப்பன் வேலை. "எங்கூட்டு மகாராணிக்கு நான்தான் வேலக்காரி" என்று அவன் டீக்கடையில் சொல்வது குறையா பெருமையா என்று அவனுக்கே தெரியாது.

உத்திரமேரூர் ரோட்டில் மூடிக் கிடந்த ரைஸ் மில்லைப் பாண்டுரங்கன் என்பவர் வாடகைக்கு எடுத்து முந்திரிக் கம்பெனியாக மாற்றியிருந்தார். கொட்டை ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வரும். அதை ஆவியில் வேகவைத்துக் காயப்போட்டால் உடைக்கப் பதமாகிவிடும். பெண்கள் வரிசையாக மெஷின் முன் உட்கார்ந்து, கையால் பிடியை இழுத்து, காலால் மிதித்து, ஓட்டைப் பிளந்து பருப்பை எடுப்பார்கள். ஓட்டுக்குள் கறுப்பாக ஒரு பால் இருக்கிறது. அது தோலில் பட்டால் அப்போது ஒன்றும் தெரியாது. பிறகு கொப்புளிக்கும், உரியும், கடைசியில் கறுத்துத் தடித்துப் போகும். கூலி கிலோ கணக்கு. பருப்பு உடைந்தால் பிடித்தம். கை உடைந்தால் அதற்குப் பிடித்தம் கிடையாது, அந்த அளவுக்குப் பாண்டுரங்கன் நல்லவர்.

அந்தப் பருப்பை ஐரோப்பாவில் ஒரு கம்பெனி கூடுதல் விலை கொடுத்து வாங்கியது. அங்கே சாப்பிடுகிறவர்களுக்கு முந்திரி ருசியாக இருந்தால் மட்டும் போதாதாம். உடைத்தவர்கள் சந்தோஷமாக இருந்தார்கள் என்றும் தெரிய வேண்டுமாம். பாக்கெட்டில் 'மனிதநேய முந்திரி' என்று ஒரு முத்திரை. பாண்டுரங்கன் கம்பெனி கேட்டிலும் அதே முத்திரை, ஒரு முந்திரிப் பருப்பு கைகூப்பிச் சிரிக்கிற மாதிரி. சந்தோஷம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சென்னையிலிருந்து ஒரு மேடம் வருவார். அதற்குத் திடீர் ஆய்வு என்று பெயர். மதியம் என்ன சாப்பாடு என்று கேட்க வேண்டுமில்லையா, அதனால் நாலைந்து நாள் முன்பே போன் பண்ணிவிடுவார்கள்.

முதல் தடவை மேடம் வந்தபோது கொட்டை உடைக்கிற செங்கேணியின் கையைப் பார்த்து, "இது என்ன, மருதாணியா?" என்று கேட்டார். செங்கேணி ஏரிக்கரை ஓரத்து இருளர் குடியிருப்பைச் சேர்ந்தவள். அவள் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் பாண்டுரங்கன், "ஆமா மேடம், இவங்க வீட்டுல விசேஷம்" என்று முந்திக்கொண்டார். அன்றைக்கு அவருக்கு வியர்த்த வியர்வையில் ஒரு பாடம் கற்றுக்கொண்டார். தொழிலாளர் சந்தோஷத்தைத் தயாரிப்பதைவிட வாடகைக்கு எடுப்பது மலிவு.

அடுத்த தடவை போன் வந்ததும் சூப்பர்வைசர் ஆல்வின், காலனியிலும் பஜாரிலும் கை பார்க்கக் கிளம்பினான். அவன் திலகா தெருக்காரன். பூ கட்டுகிறவர்கள், தையல்காரிகள், பெட்டிக்கடை வைத்திருப்பவள் என்று கை சுத்தமான பெண்களாகப் பொறுக்கினான். திலகா கையைப் பார்த்ததும், "அக்கா, நீதான் முன்னால ஒக்காரணும்" என்றான். பெண் பார்க்க வந்தபோது எல்லப்பன்கூட அவளை அப்படிப் பார்த்ததில்லை.

ஒத்திகையைப் பாண்டுரங்கனே நடத்தினார். மேடம் கேட்கப்போகிற கேள்வியெல்லாம் அவருக்கு அத்துப்படி.

"கை கழுவ என்ன வசதி?"

"தனிக் குழா கீது சார். சோப்பும் கீது."

"கீது இல்ல, இருக்குது. மேடம் முன்னாடி சுத்தமா பேசு."

"சுத்தமா பேசினா நான் பொய் சொல்றன்னு கண்டுபுடிச்சிருவாங்க சார்."

பாண்டுரங்கன் சற்று யோசித்தார். "அதுவும் சரிதான். கீதுன்னே சொல்லு. கைக்கு எண்ணெய்?"

"வெளக்கெண்ணெ கம்பெனியே குடுக்குது. கிளவுசு கிழிஞ்சா அன்னிக்கே புதுசு."

"கை வெந்து போனா?"

"ஆஸ்பத்திரிக்கு ஆல்வின் கூட்டினு போவாரு. செலவு கம்பெனியது. லீவும் உண்டு, லீவுக்குச் சம்பளமும் உண்டு."

"கைக்குழந்தை?"

"தொட்டில் ரூம்பு கீது சார். பாத்துக்க ஒரு ஆயாம்மாவும் கீறாங்க."

"நடுநடுவுல சிரி. ரொம்ப சிரிக்காத, சினிமா மாதிரி ஆயிடும்."

ஒரு வார்த்தை மாறினாலும் திட்டினார். திலகாவுக்கு ஞாபகசக்தி அதிகம். பாண்டுரங்கன் முடிப்பதற்குள் அவள் முடித்துவிடுவாள்.

ஆய்வு நாளன்று நிஜமாகக் கொட்டை உடைக்கிறவர்களை வேனில் ஏற்றித் திருமுக்கூடல் பெருமாள் கோயிலுக்கு அனுப்பிவிட்டார்கள். பொழுது சாயும் முன் திரும்பக் கூடாது என்று டிரைவருக்கு உத்தரவு. கையில் புளிசாதப் பொட்டலம். தொழிலாளர் சுற்றுலா என்று அதையும் மேடத்திடம் ஒரு நலத்திட்டமாகச் சொல்லிக்கொண்டார் பாண்டுரங்கன். வாடகைப் பெண்கள் உள்ளே உட்கார்ந்து, ஏற்கெனவே உடைத்து உலர்த்திவைத்த பருப்பில் தோல் உரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வேலையில் கை வேகாது. திலகா கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள், அளவாகச் சிரித்தாள். மேடத்துக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

ஒரு நாள் உட்கார்ந்து சிரித்ததற்குக் கூலி. இதில் என்ன தப்பு என்று திலகா நினைத்துப் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் வேனில் போகிறவர்களைப் பற்றிக் கேட்டால், "அவங்களுக்கும் சாமி கும்பிட ஒரு நாள் கெடச்சுதே" என்பாள்.

அதற்கடுத்த ஆய்வில்தான் கெட்டது நடந்தது. கெட்ட எண்ணத்தில் யாரும் செய்யவில்லை, மேடம் அன்பினால்தான் செய்தார்.

"திலகா, நீங்க கொட்டை உடைக்கிறதை ஒரு சின்ன வீடியோ எடுத்துக்கறேன். அங்க இருக்கறவங்க உங்களைப் பாக்கணும்."

திலகா மெஷினைத் தொட்டதே இல்லை. பாண்டுரங்கன் முகத்தைப் பார்த்தாள். அவர் சிரித்துக்கொண்டே கண்ணால் 'போ' என்றார். ஆல்வின் ஓடிப்போய் ஆணியில் காட்சிக்கு மாட்டியிருந்த புதுக் கையுறையை எடுத்து வந்தான். மேடம் கேமராவில் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"வேணாம், கிளவுஸ் போட்டா ஃபேக்டரி மாதிரி இருக்கு. கழட்டிடுங்க. கை நல்லா தெரியணும், நேச்சுரலா இருக்கட்டும்."

திலகா கழற்றினாள். பிடியை இழுத்தாள், மிதித்தாள். கொட்டை நசுங்கிப் பால் பீறிட்டு விரலெல்லாம் வழிந்தது. "ரொம்ப அழகு, இன்னொரு தடவை" என்றார் மேடம். பக்கவாட்டில் ஒன்று, மேலிருந்து ஒன்று, முகத்தோடு சேர்த்து ஒன்று. திலகா சிரித்துக்கொண்டே உடைத்தாள். வியர்வையைப் புறங்கையால் துடைத்ததில் கன்னத்திலும் பால் பட்டது. கடைசியில் மேடத்துக்கும் ஆசை வந்து, "நானும் ஒண்ணு உடைச்சுப் பாக்கறேனே" என்றார். ஆல்வின் பதறிப்போய் அவருக்குக் கையுறையை மாட்டிவிட்டான். அந்தக் கம்பெனியில் ஒரு கொட்டை கையுறையோடு உடைபட்டது அப்போதுதான்.

சாயங்காலம் எரிய ஆரம்பித்தது. விடிந்தபோது விரல்கள் வீங்கி, உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். கன்னத்தில் ஒரு தோசை கருகின மாதிரி. எல்லப்பன் அவளைச் சைக்கிளில் உட்காரவைத்து முதலில் கம்பெனிக்குத்தான் கூட்டிப்போனான். ஆஸ்பத்திரிச் செலவு கம்பெனியுடையது என்று அவள் வீட்டில் ஒப்பித்துப் பார்த்தபோது அத்தனை தடவை கேட்டிருந்தான், பாவம்.

பாண்டுரங்கன் அவள் கையைப் பார்த்துவிட்டு, "உன்னை யாரு கொட்டையத் தொடச் சொன்னது? தோல் உரிக்கத்தானே ஒக்கார வெச்சேன்" என்றார்.

"மேடம் சொன்னாங்க, நீங்க கண்ணு காட்டினீங்க சார்."

"நீ நம்ம கம்பெனி ஆளே இல்லையேம்மா. நான் எந்தக் கணக்குல செலவு காட்டறது?"

உத்திரமேரூர் அரசு ஆஸ்பத்திரியில் களிம்பு கொடுத்தார்கள். கொப்புளம் வடிந்தது, தோல் உரிந்தது. புதுத் தோல் வந்தபோது அது மரப்பட்டை மாதிரி இருந்தது. புடவை ஏஜென்ட் வந்தார். ஒரு புடவையைத் திலகா மடியில் விரித்துக் கையை வைத்ததும் சர்ரென்று ஒரு இழை கூடவே வந்தது. ஏஜென்ட் புடவையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "கை ஆறட்டும்மா, அப்புறம் பாக்கலாம்" என்று போனவர் திரும்பி வரவே இல்லை. அன்று திலகா எல்லாப் பாத்திரத்தையும் தானே தேய்த்தாள். எல்லப்பன் வாங்கப் போனபோது, "வுடு, இனிமே இந்தக் கைக்கு இன்னா" என்றாள்.

வேறு வேலை தெரியாது. கெட்டுப்போன கைக்குக் கெட்டுப்போன கைகள் வேலை செய்கிற இடம்தானே சரி என்று கம்பெனிக்கே போனாள். ஆல்வின் முகத்தைத் திருப்பிக்கொண்டு செங்கேணிக்குப் பக்கத்து மெஷினைக் காட்டினான்.

செங்கேணி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "இன்னாம்மா, எங்க வேஷத்த நீ போட்ட, இப்போ நெசமாவே வந்துட்டியா" என்றாள். பிறகு, கையில் பால் ஒட்டாமல் இருக்கத் தன் காசில் வாங்கிய விளக்கெண்ணெய் டப்பாவை அவள் பக்கம் தள்ளினாள். அதை எடுத்துத் தடவிக்கொள்ளத் திலகாவுக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் தடவிக்கொண்டாள்.

சில மாதங்களில் மறுபடியும் போன் வந்தது. மறுபடியும் வேன். இந்தத் தடவை திலகாவும் வேனில் ஏறினாள்.

"அந்தப் பெருமாளுக்கே நம்ம மூஞ்சி அலுத்துப் போயிருக்கும்" என்றாள் செங்கேணி.

தரிசனம் முடிந்து ஆற்றங்கரை மரத்தடியில் புளிசாதத்தைப் பிரித்தார்கள். மேடம் இந்நேரம் என்ன கேட்டுக்கொண்டிருப்பார் என்று யாரோ கேட்டார்கள். திலகா ஒத்திகையில் படித்ததை அப்படியே ஒப்பித்தாள். தனிக் குழாய், சோப்பு, விளக்கெண்ணெய், கிழிந்த அன்றே புதுக் கையுறை, தொட்டில் ரூம், ஆஸ்பத்திரிச் செலவு, லீவு, லீவுக்குச் சம்பளம். நடுநடுவே அளவாகச் சிரித்தும் காட்டினாள். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். செங்கேணிக்குப் புரையேறிவிட்டது.

"இந்தக் கம்பெனி எங்க கீதுன்னு சொல்லு திலகா, நான் அங்க வேலைக்குப் போறேன்."

இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்கள். சொன்னாள். இந்தத் தடவை சிரிப்பு குறைந்தது. செங்கேணி சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

"இத்தெல்லாம் மொதலாளி வாயாலயே சொன்னாரா?"

"அவருதான் சொல்லிக் குடுத்தாரு. ஒண்ணு வுட்டுட்டாக்கூடத் திட்டுவாரு."

"நான் இன்னா நெனச்சினு இருந்தேன் தெரியுமா? மொதலாளிக்கு இதெல்லாம் தெரியாது, தெரிஞ்சா செய்வாருன்னு நெனச்சினு இருந்தேன். எங்கூட்டுக்காரரு கூடச் சொல்வாரு, மொதலாளி படிக்காதவரு பாவம்னு." செங்கேணி பொட்டலத்தை மடித்தாள். "எல்லாம் தெரிஞ்சிதான் கீது."

 அவளே எழுந்து போய் டிரைவரிடம், "வண்டிய எடு, பூஜ முடிஞ்சிடுச்சி" என்றாள். சாயங்காலம்தான் போக வேண்டும், முதலாளி சொல்லியிருக்கிறார் என்று டிரைவர் தயங்கினான்.

"அப்ப நாங்க நடந்தே போறோம். எல்லாரையும் ஆத்துல தொலச்சிட்டேன்னு மொதலாளிகிட்ட நீயே சொல்லிக்க."

வண்டி கிளம்பியது.

அவர்கள் கம்பெனிக்குள் இறங்கியபோது மேடம் தயிர்சாதத்தில் இருந்தார். கேட்டிலிருந்து கறுத்த கைகள் ஒரு கூட்டமாக வருவதைப் பார்த்து, "இவங்கல்லாம் யாரு?" என்றார். பாண்டுரங்கன் தடுமாறவே இல்லை.

"வேலை கேட்டு வர்றாங்க மேடம். தினமும் இதே தொல்லைதான். நம்ம கம்பெனி பேரு வெளியில அப்படி."

திலகா முன்னால் வந்தாள். "மேடம், என்னத் தெரியுதா? உங்க வீடியோவுல கொட்ட ஒடச்சவ."

மேடம் முகம் மலர்ந்துவிட்டது. "திலகா, நீங்களா? உங்க வீடியோவ அங்க எத்தனை பேர் ரசிச்சாங்க தெரியுமா? நீங்க சொந்தமா தையல்கடை வெச்சுட்டு வேலையை விட்டுட்டீங்கன்னு சார் சொன்னாரே."

திலகா இரண்டு கைகளையும் சாப்பாட்டு மேஜை மேல், தயிர்சாதத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். மேடம் ஸ்பூனைக் கீழே வைத்தார்.

"இது எப்போ ஆச்சு?"

"அன்னிக்குத்தான் மேடம். நீங்க வீடியோ எடுத்தீங்களே, அன்னிக்கு."

மேடம் கண் கலங்கிவிட்டது. அவர் கெட்டவர் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். "நான் இதை போட்டோ எடுத்துக்கட்டுமா? இது எல்லாருக்கும் தெரியணும்."

"எடுத்துக்குங்க மேடம்" என்றாள் திலகா. "கிளவுசு போட்டுக்கட்டுமா, வேணாமா?"

மேடம் போனைப் பைக்குள் வைத்துவிட்டார். பிறகு செங்கேணி பேசினாள், மற்றவர்கள் பேசினார்கள். மேடம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, சாப்பாட்டை முடிக்காமலே காரில் ஏறிப் போனார்.

ஐரோப்பியக் கம்பெனி உடனே நடவடிக்கை எடுத்தது. மிகுந்த மனவேதனையோடு பாண்டுரங்கனிடம் வாங்குவதை நிறுத்திவிட்டு, வேறு நாட்டில் கை படாமல் மெஷினே கொட்டை உடைக்கிற இடத்தில் வாங்க ஆரம்பித்தது. மெஷினுக்குக் கை கிடையாது, அதனிடம் சந்தோஷமா என்று கேட்கவும் வேண்டாம். தங்கள் வாடிக்கையாளர்களின் மனசாட்சி காப்பாற்றப்பட்டதாக அறிவிப்பும் போட்டார்களாம். உடைத்தவர்களின் கைக்கு என்ன செய்வது என்று அதில் இல்லை. அது அவர்கள் துறை இல்லை போலிருக்கிறது.

கம்பெனியில் வேலை பாதியாகக் குறைந்தது. சில பெண்கள் திலகாவோடு பேசுவதை நிறுத்தினார்கள். "சும்மா கோயிலுக்குப் போயி வந்துக்கினு இருந்தோம், அதயும் கெடுத்தா" என்று ஒருத்தி முகத்துக்கு நேராகவே சொன்னாள்.  திலகா வீட்டில் எல்லப்பனிடம், "நான் வாயத் தெறந்திருக்கக் கூடாதோ?" என்று கேட்டாள். "தெறக்கறதுக்கு மின்னாடி என்னியக் கேட்டியா? அப்பால இன்னாத்துக்குக் கேக்கற" என்றான் அவன். ஆனால் அன்று பாத்திரத்தை அவளிடமிருந்து வாங்கி அவனே தேய்த்தான்.

கேட்டில் கைகூப்பிச் சிரித்த முந்திரியை வெள்ளையடித்து மறைத்தார் பாண்டுரங்கன். தீபாவளி நெருங்கியது. சென்னை ஸ்வீட் கடைகளிலிருந்து ஆர்டர் வந்து குவிந்தது. அவர்கள் யார் உடைத்தது, எந்தக் கை என்றெல்லாம் கேட்கிறவர்கள் இல்லை. பருப்பு வெள்ளையாக இருந்தால் போதும். அவசர ஆர்டர் என்று தெரிந்த அன்று காலையில் செங்கேணி மெஷினில் உட்காரவில்லை. அவள் உட்காராததைப் பார்த்துத் திலகாவும் உட்காரவில்லை. மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பாண்டுரங்கன் வந்தார். "இன்னாம்மா வேணும் உங்களுக்கு?"

எல்லோரும் திலகாவைப் பார்த்தார்கள். அவளுக்குப் புதிதாக எதையும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அவர் சொல்லிக்கொடுத்ததை, சொல்லிக்கொடுத்த வரிசையிலேயே சொன்னாள். 'கீது' என்ற இடத்திலெல்லாம் 'வோணும்' என்று மாற்றிக்கொண்டாள், அவ்வளவுதான். பாண்டுரங்கன் பாதியில் ஒரு இடத்தில் தன்னை அறியாமல் தலையாட்டிவிட்டார். வாத்தியார் பழக்கம்.

எல்லாம் கிடைத்துவிடவில்லை. தொட்டில் ரூம் வரவில்லை. லீவுக்குச் சம்பளம் என்றதும் அவருக்குக் காது கேட்கவில்லை. கையுறை வந்தது. ஆனால் அதைப் போட்டுக்கொண்டால் கை மெதுவாகிறது, கிலோ குறைகிறது, கூலி குறைகிறது. கிலோ கணக்கை விட்டு நாள்கூலியாகக் கொடுங்கள் என்று கேட்டதற்கு, "கம்பெனிய மூடிட்டுப் போயிடுவேன்" என்றார். பெண்கள் கையுறையின் விரல் நுனிகளை வெட்டிவிட்டுப் போட்டுக்கொண்டார்கள். தண்ணீர்க் குழாய் வந்தது. விளக்கெண்ணெய் ஒரு பெரிய டின் வந்தது. அதற்குத் திலகா பொறுப்பு.

பொறுப்பு வந்த கொஞ்ச நாளிலேயே அவள் செங்கேணியோடு சண்டை போட்டாள். செங்கேணி டிபன் பாக்ஸ் மூடியில் கொஞ்சம் எண்ணெய் எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பியதைப் பார்த்துவிட்டாள்.

"இது கம்பெனி எண்ணெ. இன்னிக்கு மூடியில எடுப்ப, நாளைக்கு டின்னையே தூக்கினு போவ. நான் பதில் சொல்ல வாணாமா?"

"எங்கூட்டுக்காரரு காலு வெடிச்சி கீது, அதுக்குத்தான்" என்றாள் செங்கேணி. பிறகு அவளை உற்றுப் பார்த்து, "ஏம்மா, அச்சு அசலா பாண்டுரங்கன் கணக்கா பேசற" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். திலகாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. மறுநாள் மதியம் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்ததும் டின்னைத் தூக்கிக்கொண்டு வந்து நடுவில் வைத்தாள்.

"யாருக்கு வோணுமோ எடுத்துக்குங்க. தீந்து போனா மொதலாளிகிட்ட நான் தனியா போய் நிக்க மாட்டேன், எல்லாரும் வரணும்."

எண்ணெய் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் தீர்ந்தது. எல்லோரும் எழுந்து ஆபீஸ் ரூம் வாசலில் போய் நின்றார்கள். பாண்டுரங்கன் காலி டின்னைத் தட்டிப் பார்த்தார்.

"அதுக்குள்ளயா? எண்ணெயக் குடிக்கறீங்களா?"

"கை குடிக்குது சார்" என்றாள் செங்கேணி.

திலகா அவள் பக்கத்தில் நின்றாள்.  பாண்டுரங்கன் ஆல்வினைக் கூப்பிட்டு இன்னொரு டின் வாங்கிவரச் சொல்லும்வரை யாரும் நகரவில்லை. சோப்பு இன்னும் வரவில்லை. அதற்குப் பொங்கல் முடிந்து எல்லோரும் மறுபடி போய் நிற்பதாக இருக்கிறார்கள்.